கடல் பக்கம் கதவு இல்லை

பருத்திப்பட்டு, ஆவடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரேணுகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயத்தைத் திருத்திவிடுகிறேன். நான் காணாமல் போகவில்லை. செருப்பில்லாமல், ஈரப் புடவையோடு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றிருந்தேன் என்றும், யாரோ புண்ணியவான் பஸ்ஸில் ஏற்றிவிட்டான் என்றும் உன் தம்பி சொல்லிக்கொண்டிருக்கிறான். உன்னிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பான். புடவையின் ஓரம் நான்கு விரற்கடை நனைந்திருந்தது உண்மை. உலர்ந்த மணலில் என் முழங்கால் நடக்காது. ஈர மணலில்தான் நடக்கும். செருப்பு பிளாஸ்டிக் பையில் சுற்றி என் கைப்பையில் இருந்தது. கோயம்பேடு பஸ்ஸை நானே கை காட்டி நிறுத்தி ஏறினேன். ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். கோயம்பேட்டில் ஆவடி பஸ் மாறி, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து, விளக்கேற்றி, காபி போட்டுக் குடித்தேன். காணாமல் போகிறவர்கள் இப்படித்தான் போவார்களா?

பாத்திரம் தேய்க்கிற பேபி மறுநாள் காலையில் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாம்மா இது, ஒன்ன காணோம்னு உம் புள்ள நேத்து தெரு தெருவா சொல்லிகினு இருந்தாரு, நீ இன்னான்னா ஷோக்கா பேப்பர் படிச்சினு குந்திகினு கீறே!" என்றாள். மூளை குழம்பிவிட்டதா என்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். போன தடவை வாணலியை அவள் சரியாகத் தேய்க்காததை எடுத்துக் காட்டினேன். "அய்ய, நல்லாத்தான் கீறே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்தத் தெருவில் என்னைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டுப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

இங்கே நல்ல மழை. ஏரி நிரம்பி, நடைபாதை ஓரம் வரை தண்ணீர் தொட்டு நிற்கிறது. நேற்றுதான் வெயில் வந்தது. கறிவேப்பிலைச் செடி தளிர் விட்டிருக்கிறது. மாடிப் படிக்கட்டுக் கைப்பிடி ஆடுகிறது என்று சொன்னாயே, அதை ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். வீட்டைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன்.

ஐப்பசியில் நீ போனில் என்னைக் கேட்டது நினைவிருக்கும். எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு எல்லோரும் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போகப் போவதாகவும், இரண்டு இடங்கள் பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னாய். ஒன்று சவுக்குத் தோப்புக்கு நடுவில், தனிக் கடற்கரையோடு, ஆள் அரவமே இல்லாத இடம். இன்னொன்று மீனவர் குப்பத்தை ஒட்டிய சின்ன விடுதி. வாசலிலேயே படகுகள், விடியற்காலையில் மீன் ஏலம், கோயில் ஒலிபெருக்கி. எது வேண்டும் அம்மா, நீயே சொல், உன் இஷ்டம்தான் என்றாய்.

நான் ஒரு நாள் யோசித்துத்தான் பதில் சொன்னேன். குப்பத்து விடுதி போதும் என்றேன். அமைதி என் வீட்டிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. உன் அப்பா போன பிறகு, நான் பேசாவிட்டால் இந்த வீட்டில் குக்கர் விசிலைத் தவிர வேறு சத்தம் கிடையாது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஷிப்ட் சங்கும், பக்கத்து வீட்டுச் சண்டையும், சைக்கிள் மணியுமாக முப்பது வருஷம் வாழ்ந்தவள் நான். ஊருக்குப் போனால் வீட்டில் கிடைக்காததைத்தானே பார்க்க வேண்டும்? இதை உனக்கு விளக்கமாகச் சொன்னேன். அங்கே நாற்றம் அடிக்குமே, சத்தமாக இருக்குமே, நீ ஓய்வெடுக்க முடியாதே என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் மாறவில்லை. சரி அம்மா, உன் விருப்பம் என்று முடித்தாய். அந்த வார்த்தையை நம்பி ஒரு காட்டன் புடவையை இஸ்திரி போடக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை உன் தம்பி வெங்கட் வேலப்பன்சாவடியிலிருந்து காரோடு வந்தான். ரேவதியும் வர்ஷாவும் கூட வந்தார்கள். மகாபலிபுரம் தாண்டியதும், "அந்த லாட்ஜ் ஃபுல்லாம்மா. பக்கத்துல இன்னொண்ணுதான் கெடச்சுது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றான். ரேவதி ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். கிடைக்காவிட்டால் என்ன செய்ய முடியும் என்று நானும் விட்டுவிட்டேன்.

சுற்றிலும் சவுக்குத் தோப்பு, நீ போனில் சொன்ன அந்த முதல் இடமேதான். இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். படுக்கை விரிப்பின் மூலைகள் எங்கள் கான்வென்ட் விடுதியில் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த மாதிரி மடித்திருந்தன. மணலில் ஒரு காகிதத் துண்டு கிடையாது. ஆனால் குளியலறையில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. கட்டில் தலைமாட்டில் அழைப்பு மணி இருந்தது. சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. பிள்ளை குட்டிகளோடு வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அன்று சாயங்காலமே கேக் வெட்டச் சொன்னார்கள். பிறந்தநாள் நாளைக்குத்தானே என்றேன். நாளைக்கு அவசரமாகிவிடும் என்றான் வெங்கட். கேக் வாங்கிக்கொள்ள வந்த ஒரு பெண்மணி என் பக்கத்தில் அமர்ந்தார். வசந்தகுமாரி என்று பெயர். தாம்பரத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தவராம். "நீங்க ட்ரையலா, பர்மனென்ட்டா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பிறந்தநாளுக்காக வந்திருக்கிறோம் என்றேன். அவர் கேக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "என்னையும் பொறந்தநாளைக்குத்தாங்க கூட்டிட்டு வந்தாங்க" என்றார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் நான் அவரை நம்பினேன்.

மறுநாள் காலையில், என் பிறந்தநாளன்று, ஆபீஸிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள் என்றான் உன் தம்பி. நீ ஒரு வாரம் நிம்மதியாக இரும்மா, அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றான். ரேவதி காலில் விழுந்து கும்பிட்டாள். வர்ஷா என்னைக் கட்டிக்கொண்டாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. கார் போகும் வரை வாசலில் நின்றேன். கோபம் எல்லாம் அப்போது வெங்கட்டின் மேல்தான். உன்னையும் ஏமாற்றியிருக்கிறான், உனக்கு உடனே போன் செய்து சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதை நீ நம்ப வேண்டும், ரேணுகா. உன்னை என் பக்கத்தில் வைத்துத்தான் நான் கோபப்பட்டேன்.

அறைக்குத் திரும்பினேன். காவ்யா என்று ஒரு நர்ஸ் பெண், நல்ல முகம், காலை மாத்திரைகளைக் கொண்டு வந்தாள். தட்டில் மாத்திரை, தண்ணீர், அதோடு ஒரு ரஸ்தாளிப் பழம், துண்டு துண்டாக நறுக்கி. ஒவ்வொரு துண்டிலும் நடுவில் கத்தியால் ஒரு கீறல். மாத்திரையை உள்ளே வைக்க.

"பழத்துல வச்சாத்தான் உங்களுக்கு எறங்கும்னு வீட்டுலேந்து சொன்னாங்கம்மா" என்றாள்.

போன வருஷம் ஒரு மாத்திரை தொண்டையில் சிக்கி, மூச்சு நின்று, சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து சின்னக் குழந்தை மாதிரி வாழைப்பழத்தில் பொதித்துத்தான் விழுங்குகிறேன். எனக்கு அது அவமானம். வெங்கட்டுக்குத் தெரியாது. ரேவதிக்குத் தெரியாது. பேபி வருவதற்கு முன்பே மாத்திரையைப் போட்டு முடித்துவிடுவேன். ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் சொன்னேன். நீ சத்தியம்கூடச் செய்தாய்.

பழத்தைத் தொடாமல் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினேன். இறங்கியது. எப்படி இறங்கியது என்று எனக்குத் தெரியும், அது உனக்கு வேண்டாம்.

கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. "வூட்லேந்து சொன்னாத்தாம்மா வெளிய உடணும். என்னிய வம்புல மாட்டி உட்றாதம்மா" என்றான். நான் வாதாடவில்லை, அந்தச் சட்டம் அவன் போட்டதில்லை. எந்த வூட்டிலிருந்து சொல்ல வேண்டும், என் வீட்டில் நான்தானே இருக்கிறேன் என்று மட்டும் கேட்டேன். திரும்பிப் பின்பக்கம் நடந்தேன். கடல் பக்கம் கதவு இல்லை. தூரத்தில் படகுகள் தெரிந்தன. செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் படகுகளைப் பார்த்து நடந்தேன்.

நான் தேர்ந்தெடுத்த இடம் அத்தனை பக்கத்தில்தான் இருந்தது. வலைக் குவியலுக்குப் பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும், "இன்னா ஆயா, அந்தாண்ட பங்களாலேந்து தப்பிச்சு வந்துட்டியா?" என்று கத்தினாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். என்னை ஆயா என்று கூப்பிட இவள் யார் என்று நினைத்தேன். ஆனால் அந்த இரண்டு நாட்களில் என்னிடம் உண்மையை நேராகக் கேட்டவள் அவள்தான். ஆமாம் என்றேன். "உக்காரு, உக்காரு" என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தள்ளிவிட்டாள்.

விடுதிக்காரர் கீழேயே டீக்கடையும் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தனவா என்று விசாரித்தேன். "மழ மாசத்துல யாரும்மா வர்றா? அத்தினி ரூமும் காலியாத்தான் கெடக்குது" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: நாற்றம் அடித்தது. ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. டம்ளர் சுத்தமாக இல்லை. திரும்பக் கழுவிக் கொடுக்கச் சொன்னேன். கருவாட்டுக்காரி அதற்கும் சிரித்தாள். இன்றைக்கு என் பிறந்தநாள் என்று எதற்காகவோ அவளிடம் சொல்லிவிட்டேன். "அப்பிடிப் போடு! கேக்கு இல்ல, இதான் கீது" என்று ஒரு தட்டு நிறைய நெத்திலி வறுவல் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டேன். முள் எதுவும் தொண்டையில் சிக்கவில்லை. வெயில் ஏறும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன்.

வெங்கட் அன்று ராத்திரியே இங்கே வந்து கத்தினான், அழுதான். எனக்கு ஞாபகசக்திக்கு டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். தை பிறந்ததும் திரும்ப அங்கேயே கொண்டுபோய் விடுவானாம். தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று கேட்டான். அது நியாயமான கேள்வி. அதை என்னிடமே கேட்டிருந்தால் நானும் உட்கார்ந்து யோசித்திருப்பேன். ஒருவேளை இந்த வீட்டை விட்டு வரவும் சம்மதித்திருப்பேன், எந்த இடம் என்பதை நான் சொல்வதாக இருந்தால். கடைசியில், அக்காவும் ஒத்துக்கொண்டாள் என்றான். சின்ன வயதிலிருந்தே உன்னைக் கேட்காமல் அவன் ஒரு பென்சில்கூட வாங்கியதில்லை. இப்போதும் நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் செய்ய மாட்டான். இது உனக்கும் தெரியும்.

நீ அழைத்ததையெல்லாம் பார்த்தேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீ அழுவாய், நான் சமாதானம் சொல்வேன், பேச வேண்டியது பேசப்படாமலே போகும்.

ராத்திரியெல்லாம் யோசித்தேன். என்னைக் கொண்டுபோய் விடுவதற்கு ஏற்பாடு செய்த அதே வாயால்தான், மாத்திரை அம்மாவுக்குத் தொண்டையில் சிக்கிவிடக் கூடாது, பழத்தில் வைத்துக் கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறாய். உனக்கு என் மேல் அக்கறை இல்லை என்றால் உன்னை வெறுத்துவிட்டுப் போய்விடுவேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய். வேண்டாம் என்று நான் சொன்ன இடத்துக்கே கொண்டுபோவதாக இருந்தால், எது வேண்டும் என்று என்னிடம் எதற்காகக் கேட்டாய்?

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் முதுகுவலி குறைய வேண்டும். நீ எழுபத்தைந்தைத் தொடும்போது, உன்னைக் கேட்கிறவர்கள் உன் பதிலையும் காதில் வாங்க வேண்டும். இதை ஆசீர்வாதமாகத்தான் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குப் போனில் பதில் வேண்டாம். வெங்கட் மூலமாகவும் வேண்டாம். அந்தப் பழத்தைப் பற்றி யாரிடம் சொன்னாய், நான் பதில் சொல்வதற்கு முன்பா பின்பா, தை மாதத்துக்கு உன் பதில் என்ன, இவற்றை உன் கையெழுத்தில் எழுதித் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
கஸ்தூரி மணவாளன்