ஜீப் ஏன் ஆடியது என்று உனக்குத் தெரியும், அண்ணே

கிரீஸ் கையோடு சாப்பிட உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்குகிற என் அண்ணனுக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவருகே நின்று, "வர்றியாட்டி, மகாபலிபுரம் வரைக்கும் போய்ட்டு வருவோம்?" என்று கேட்டாய். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் வரவில்லை என்றேன். "தாஸ் ஓட்டக் கூடாதுன்னு சொன்னானே" என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பாயா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். நின்றிருக்க மாட்டாய். சிரித்திருப்பாய். ஆனாலும் நான் சொல்லவில்லை.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஜீப்பை உயர்த்த வேண்டும் என்பது உன் ஆசை. செய்து கொடுத்தவன் தாஸ். பள்ளியில் உன் பெஞ்சில் உட்கார்ந்தவன், அடையாறில் இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு ஷெட் வைத்திருந்தவன். நீளமான ஸ்பிரிங், பெரிய டயர். மந்தைவெளியில் நம் பிளாட்டின் கீழே கொண்டுவந்து நிறுத்தினாய். அம்மா ஏறிப் பார்க்க பிளாஸ்டிக் ஸ்டூல் போட வேண்டியிருந்தது. தி. நகர் பாத்திரக் கடையிலிருந்து அப்போதுதான் வந்த அப்பா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இது என்னல, தேர் மாதிரி கெடக்கு" என்றார். நீ அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாய்.

சில நாட்களில் நடுக்கம் தொடங்கியது. வேகம் அறுபதைத் தொட்ட நேரத்தில் ஒரு சின்னப் பள்ளம் வந்தால் போதும். ஸ்டியரிங் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளும், முன்பக்கம் முழுக்க உதறும். வண்டி நிற்கிற அளவுக்கு வேகம் குறைந்தால்தான் அடங்கும்.

முதலில் டயரைச் சந்தேகித்தாய். பேலன்ஸ் பார்த்தாய், காற்றைக் குறைத்துப் பார்த்தாய். அலைன்மென்ட் கடைக்காரர், "உசத்துனா இப்டித்தான் சார் இருக்கும், மெதுவா ஓட்டுங்க" என்றாராம். நீ ஒப்புக்கொள்ளவில்லை. "ஆடுதுன்னா எங்கயோ ஒண்ணு லூஸா இருக்கு. எதுன்னு தேடணும், அவ்ளோதான்" என்றாய். எனக்கு உன்னிடம் மிகவும் பிடித்தது அதுதான். எதுவும் 'இப்படித்தான் இருக்கும்' என்று நீ விட்டதில்லை. பிறகு எப்படி விட்டாய்?

தேடுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாய். ஜாக்கி போடக் கூடாது, வண்டியின் எடை சக்கரத்தின் மேலேயே இருக்க வேண்டும் என்றாய். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க நான் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டினேன். நீ அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பாகக் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாய்.

"இன்னும் லேசா ஆட்டு. பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருக்காத."

"கை வலிக்கி."

"ஒரு புக்கத் தூக்குத கைதான? ஆட்டு."

அப்போது 'டக்' என்றது. எனக்கே கேட்டது. மறுபடி ஆட்டச் சொன்னாய். மறுபடி 'டக்'.

"விரல வெச்சா கடிக்குது" என்றாய், மெதுவாக.

முன் அச்சைச் சட்டத்தோடு பிடித்துவைத்திருக்கும் ஒரு குறுக்குக் கம்பி. அதன் மேல் முனையில் ஒரு போல்ட். வண்டி உயர்ந்ததில் கம்பி சரிந்து, இழுப்பெல்லாம் அந்த போல்ட்டின் மேல் விழுந்திருக்கிறது. நாள்தோறும் இழுபட்டு ஓட்டை அகன்றுவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் போல்ட் அந்த ஓட்டைக்குள் நகர்ந்தது. வெளியே வந்து இதை எனக்குப் படம் வரையாத குறையாக விளக்கினாய். கண்டுபிடித்த சந்தோஷம் உன் முகத்தில் இருந்தது. உடனே ஸ்பீக்கரில் தாஸைக் கூப்பிட்டாய்.

"மச்சி, இறுக்குனா நிக்காது. ஓட்டையே போயிடுச்சு. அப்டியே வுட்டுடு. நான் வண்டிய லாரில ஏத்திக்கினு வந்து பிளேட் வெச்சு வெல்டு அடிச்சுத் தரேன்."

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்டா. இப்ப ரெண்டு வண்டி உன் ஷெட்ல நிக்குதுல்ல?"

"அதுவரைக்கும் எடுக்காத. இன்னா, கேக்குதா? ஓட்டாதடா."

"சரி நைனா, சரி. பெரிய டாக்டரு."

அடுத்த வாரம் வருவதற்குள் நீ வேறொன்று செய்தாய். உன்னைப் போல ஜீப் வைத்திருப்பவர்கள் பலரும் செய்வதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஸ்டியரிங் கம்பியோடு ஒரு புது டேம்பரைப் பூட்டினாய். உதறலை விழுங்கிக்கொள்ளும் ஒரு குழாய், அவ்வளவுதான். ஆட்டம் நின்றது. போல்ட் இருந்தபடியே இருந்தது.

பெசன்ட் நகருக்கு என்னை அழைத்துப் போனாய். வேளாங்கண்ணி கோயிலைத் தாண்டிய தெருவில் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, "பாரு, ஆடுதா?" என்றாய். ஆடவில்லை. நான் கைதட்டினேன். ஆட்டம் போனதால் கோளாறும் போய்விட்டது என்று நான் நம்பினேன், எனக்கு வண்டி தெரியாது. நீயும் நம்பினாயா, அண்ணே? இல்லை, ஒரு வாரம்தானே என்று தெரிந்தே தள்ளிப்போட்டாயா?

முட்டுக்காட்டைத் தாண்டி ஒரு சின்னப் பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியதும் ஜீப் ஆட ஆரம்பித்ததாகப் பின்னால் காரில் வந்தவர்கள் சொன்னார்கள். நீ பிரேக் பிடித்திருக்கிறாய். அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு தாஸ் வந்தான். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்றான். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

"வண்டிய உசத்துனது யாருல?"

"நான்தான்பா."

"என் பிள்ளைய உசரத்துல ஏத்திவிட்டுட்டு இங்க வந்து நிக்கியே, ஒனக்குக் கூசல?"

அவன் தலையில் வெயில் அடிக்க நின்றுவிட்டுப் போனான்.

பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். போலீஸ் ஸ்டேஷன் பின்னால் கிடந்த ஜீப்பைப் பார்க்க அப்பாவோடு நானும் போனேன். இடது பக்கம் முழுவதும் போயிருந்தது. வலது பக்கத்தில் அந்தக் கம்பியின் முனை அப்படியே இருந்தது. சர்வேயர் டார்ச் அடித்துக் காட்டினார். ஓட்டை முட்டை வடிவில் இருந்தது, அதன் விளிம்பு தேய்ந்து பளபளத்தது.

"இது மோதுனதுல ஆனது இல்ல சார். மோதுனா கிழியும். இது நாள் கணக்குல ஆடி ஆடித் தேஞ்சது. லிஃப்ட் பண்ணவங்க கம்பி சரியாம இருக்க இதுக்குத் தனியா பிராக்கெட் போட்டிருக்கணும்."

அப்பாவுக்கு அது போதும். மறுநாளே தாஸ் மேல் புகார் கொடுத்தார். ஸ்டேஷனிலிருந்து அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். செய்தி பரவி யாரும் அவனிடம் வண்டி விடுவதில்லை. ஷெட்டின் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். வழக்கு பதிவானால் உள்ளே போக வேண்டியிருக்கும் என்று அவனுடைய அம்மா நம் அம்மாவிடம் வந்து அழுதுவிட்டுப் போனார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் தாஸைத் தேடிப் போனேன். வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"ஓட்டாதேன்னு சொன்னல்ல தாஸண்ணே. அத ஏன் சொல்ல மாட்டேங்குற?"

"இன்னான்னு சொல்றது பாப்பா? செத்துப்போன ஃபிரண்டு மேல போட்டுட்டு நான் தப்பிச்சுக்கவா? பிராக்கெட் அப்பவே போட்டிருக்கணும். செலவு வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்னான். நானும் சரின்னுட்டேன். அது என் பங்கு, இல்லைன்னு சொல்லல."

"ஜெயிலுக்குப் போவியா?"

"உங்கப்பாவுக்கு ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் கீது. தம் புள்ள ஒண்ணுந்தெரியாம போயிட்டான்ற நெனப்பு. அதையும் நான் புடுங்கணுமா?"

அவன் புடுங்க மாட்டான் என்று அன்று புரிந்தது. அந்த போனைக் கேட்ட இன்னொரு ஆள் நான் மட்டும்தான். வாசித்த கதைகளில் உண்மை வெளியே வந்தால் யாருக்காவது ஆறுதல் கிடைக்கும். இந்த உண்மையில் யாருக்கும் அது இல்லை. அப்பாவிடம் சொல்லட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "சொல்லாத" என்றும் சொல்லவில்லை, "சொல்லு" என்றும் சொல்லவில்லை. அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள்.

வீட்டில் சொல்ல எனக்குத் துணிவில்லை. அப்பாவின் கடைக்குப் போனேன். மாம்பலம் ரயில் கூட்டம் முழுவதும் கடை வாசலில் வழிந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு பித்தளை அண்டாவைத் தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க வந்த அம்மாள் விலை பேசி முடித்துப் போகிறவரை நின்றேன்.

"எப்பா, அண்ணனுக்குத் தெரியும்."

"என்னட்டி தெரியும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். 'டக்' என்று கேட்டதை, விரலைக் கடித்ததை, தாஸ் போனில் சொன்னதை, டேம்பர் பூட்டியதை.

"அவன் படிச்சவன்லா. தெரிஞ்சுக்கிட்டு எடுப்பானா?"

"எடுத்தான்பா. நான் பாத்தேன்."

தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார். பிறகு, "இத ஏன்ட்டி எங்கிட்ட சொல்லுத?" என்றார். குரலில் கோபம் இல்லை. "அந்தப் பய மேல தப்புன்னா நான் ஏசிக்கிட்டாவது கெடப்பேன். இவன் மேலன்னா நான் என்ன செய்ய?"

அதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா?

அண்ணே, நினைவில் உன்னைத் திருத்தி வைத்துக்கொள்ள மாட்டேன். கெட்டிக்காரன் என்று சொல்லும்போதே தெரிந்தும் ஓட்டினவன் என்றும் சொல்வேன். உயர்த்திய வண்டியோடு யார் எதிரில் வந்தாலும், என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும், நிறுத்தி, "ஆட்டம் எதனால நின்னுது?" என்று கேட்பேன். இதை உனக்கு வாக்காகவே தருகிறேன்.

அப்பா மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவர் உன் பெயரைச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
கோமதி