பாலக்காட்டோடு திரும்பியவர்

ஜூன் 9, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. தெற்கு ஜன்னல் கொக்கி மறுபடி கழன்றுவிட்டது. மகள் லதாவிடம் திருகாணி வாங்கிவரச் சொல்ல வேண்டும். நாளை முதல் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்காரி இன்றே விலையை ஏற்றிவிட்டாள். பி.பி. மாத்திரை போட்டேனா, தெரியவில்லை. போட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

பத்து மணிக்கு முரளி. இங்கே கொச்சியில் உள்ள சங்கீத சபையின் செயலாளர், ஐம்பது வயது, எப்போதும் அவசரம். ஈரக் குடையோடு உள்ளே வந்து போனை நீட்டினார்.

"சுப்பையா சாரே, கல்லு ரெடி. பாருங்கோ, எப்படி?"

கறுப்புக் கல், பொன்னெழுத்து, மூன்று மொழி. தமிழில்: 'மகா வாக்கேயகாரர் மணலூர் நாகநாத ஐயர் இவ்வில்லத்தில் மூன்று நாள் தங்கி, "கழிமுகத் தாயே" என்னும் ஆஹிரி ராகக் கிருதியை இயற்றினார்.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஒன்றாவது இருந்திருக்கலாம், கல்லைத் திருப்பி அனுப்ப ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

ஞாயிறு காலை பத்துக்குத் திறப்பு. விழா மலருக்கு நாகநாதர் வாழ்க்கை பற்றி நான் இரண்டு பக்கம் தர வேண்டும், வெள்ளிக்குள்.

"யாராவது ஆதாரம் கேட்டால்?"

"சார் அன்னைக்குப் பத்திரிகையில எழுதினதுதானே ஆதாரம்! பின்னே வேறெ என்ன வேணும்?" சிரித்தார்.

"திறந்து வைப்பது யார்? மந்திரியா?"

"மந்திரி எதுக்கு? அந்த வீட்டுப் பொண்ணே வருது சாரே. கோமதியம்மா. நாக்பூர்ல இருந்து. ஞாயித்துக்கிழமை காலைல வண்டி இறங்கும்."

எழுதித் தருகிறேன் என்றேன். அவர் போனபின் சாயா ஆறிக் கிடந்தது. அப்படியே குடித்தேன்.

கோமதி. நாற்பது வருடம்.

ஜூன் 10, புதன்

மழை விட்டு விட்டு. திருகாணி வந்தது, அளவு தப்பு.

லதா ஆபீசுக்குக் கிளம்பும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். வெலிங்டன் தீவில் வேலை. "என்னப்பா இத்தனை எழுத்து? பென்ஷன் வாங்கற ஆளுக்கும் டெட்லைன் உண்டோ?" பார்த்தாலும் கவலையில்லை. அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க மலையாளம்தான். முப்பத்தெட்டு வருடம் நானும் மலையாளத்தில்தான் செய்தி எழுதினேன். இந்த நோட்டு மட்டும் தமிழ். மனைவி மீனாட்சி இருந்தவரை இதிலும் கொஞ்சம் ஜாக்கிரதையாக எழுதினேன்.

நாகநாதர், குறிப்புகள். உறுதியானவை முதலில்.

மணலூர், காவிரித் தென்கரை. அப்பா சத்திரத்துச் சமையல்காரர்.

சங்கீதம் கற்றது சத்திரத்துக்கு வந்துபோன வித்வான்களிடம். யாரும் மூன்று நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது சத்திரத்து விதி. அதனால் இன்னார்தான் குரு என்று இல்லை. பாதிப் பாடத்தில் எழுந்து போனவர்களே எல்லாரும்.

நாற்பது வயதில் குரல் போயிற்று. காரணம் தெரியவில்லை. அதன்பிறகு மெட்டை வீணையில் வாசித்துக் காட்டினார். சொற்களை மணலில் விரலால் எழுதினார். சீடன் ராமு அதைப் பார்த்துப் பாடுவான்.

இன்று மேடையில் நாம் கேட்கும் பாட்டெல்லாம் குரல் போனபின் செய்தவை. சொல் குறைவு, இடைவெளி அதிகம். அவசரக்காரப் பாடகர்கள் அந்த இடைவெளிகளை ஸ்வரம் போட்டு நிரப்புகிறார்கள்.

மேற்குக் கடலைப் பார்க்க ஆசை. காயல் கடலோடு சேரும் இடத்தில் நின்று அம்பாள்மேல் ஒரு பாட்டு என்று நேர்ந்துகொண்டு, ராமுவோடு நடந்தே புறப்பட்டார்.

உறுதியில்லாதது: கொச்சிக்கு வந்து சேர்ந்தாரா?

மேலே உள்ள வரி பொய். என் சொந்த நோட்டிலேயே பொய். அதுவும் உறுதிதான். வரவில்லை. பாலக்காட்டில் காய்ச்சல், இதே போன்ற மழை, அங்கிருந்தே திரும்பிவிட்டார். படுத்த இடத்தில் அந்த ஆஹிரியை முடித்து, ராமுவிடம் கொடுத்து அனுப்பினார். கொச்சிக்கு வந்தது ராமு மட்டும். கோமதியின் முன்னோரான அந்த வீட்டாருக்குப் பாடிக் காட்டிக் கற்பித்தான். ஊர் திரும்பியதும் அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டான். எல்லாம் அதில் இருக்கிறது. காயலையோ கடலையோ நாகநாதர் கண்ணால் பார்த்ததே இல்லை.

இரும்புப் பெட்டியைத் துழாவினேன். அந்தச் செய்தியை எழுதிய வருடத்து ரிப்போர்ட்டர் நோட்டு கிடைத்தது, ஓரம் மட்டும் கறையான். ராமுவின் கடிதத்தை முழுவதும் நகலெடுத்திருக்கிறேன். அடியில் என் கையெழுத்தில்: 'ஆகவே, வரவில்லை.' இரண்டு கோடு.

ஜூன் 11, வியாழன்

வெயில் கொஞ்சம். துணி எல்லாம் மொட்டைமாடியில்.

அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டு சந்து தள்ளித்தான், ஆனாலும் அந்தப் பக்கம் போய் வருடக்கணக்காகிறது. இப்போது ஜாஃபர் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுகிறார். எதிரே நான் அப்பாவோடு குடியிருந்த மாடி இஞ்சிக் குடோன் ஆகிவிட்டது. சந்து முழுக்கச் சுக்கு வாசனை.

வரவேற்பு மேசைக்கு மேலே, கண்ணாடி போட்டு, என் செய்தி. ஒன்றரைப் பத்தி. காகிதம் சாயா நிறம்.

"சாரே, சாயிப்புமார் எல்லாம் இதை போட்டோ எடுக்கும்" என்றார் ஜாஃபர். "பெரிய பாட்டுக்காரன் கிடந்த கட்டில் எதுன்னு கேக்கும். நான் மேல்முறியில, மாடியில, உள்ள கட்டிலைக் காட்டிக் கொடுக்கும்."

"அது எப்போது வாங்கின கட்டில்?"

"போன ஓணத்துக்கு." அவரே சிரித்துவிட்டார்.

மாடி ஜன்னலைப் பார்த்தேன். பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கோமதி அங்கேதான் உட்கார்ந்து பாடுவாள். சந்து அத்தனை குறுகல், எங்கள் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் பாதி தூரம் போய்விடும். நீட்டியதில்லை.

மற்றவர்கள் 'கழிமுகத் தாயே'யைப் பாடும்போது சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புவார்கள். எல்லாப் பாட்டுக்கும் அதுதான் வழக்கம். அந்த வீட்டுப் பாடம் அப்படியில்லை. சரணத்தின் கடைசிச் சொல் 'காத்திருக்கிறேன்'. அங்கேயே நிற்கும். திரும்பாது. ஐயர்வாள் அப்படித்தான் முடித்தார் என்று ராமு எழுதியிருக்கிறான். முதல் முறை கேட்டபோது அவளுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து, மேலே பாடட்டும் என்று ஜன்னலோரம் நின்றுகொண்டே இருந்தேன்.

ஆஹிரியைக் காலையில் வெறும் வயிற்றில் கேட்டால் அன்று சோறு கிடைக்காது என்பார்கள். அவள் பாடத் தொடங்குமுன் எதிர் ஜன்னலைப் பார்த்துக் கேட்பாள்: "சாப்டாச்சா ரிப்போர்ட்டரே? பட்டினி கிடந்தா என்மேல பழி சொல்லப்படாது, கேட்டேளா."

நடந்தது இதுதான், ஒருமுறையாவது எழுதிவைக்கிறேன். கோமதியின் சித்தப்பாமார் வீட்டை விற்கத் தீர்மானித்தார்கள். விற்றால் குடும்பம் ஊரை விட்டுப் போகும். அவளுடைய அப்பாவால் தடுக்க முடியவில்லை. நாகநாதர் தங்கிய வீடு என்று பேப்பரில் வந்தால் ஊர் விற்க விடாது என்று எனக்குத் தோன்றியது. கடிதத்தைப் படித்த பிறகு, அது மேசைமேல் திறந்து கிடக்கும்போதே, எழுதினேன். நியூஸ் எடிட்டர் கேட்டார்: "ஆதாரம்?" "வீட்டுக் குறிப்புகள்" என்றேன். முப்பத்தெட்டு வருடத்தில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

விற்பனை நின்றது. பதினோரு மாதம். பிறகு அவளுக்கு நாக்பூரில் கல்யாணம் நிச்சயமாயிற்று. அதற்கு ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

மீனாட்சியிடம் ஒருமுறை, அந்தப் பொய்யை மட்டும், சொன்னேன். "நீங்க குளிக்கும்போது முனகுவீங்களே, அந்தப் பாட்டா?" என்று கேட்டாள்.

நாளை வெள்ளி. இரண்டு பக்கமும் வெறுமை. வாயைத் திறக்காமல் இருந்தால் ஞாயிறு காலை கோமதி அந்த வாசலில் நிற்பாள். திறந்தால் விழா இல்லை, அவள் வரக் காரணமும் இல்லை. கணக்கு இவ்வளவு சுலபம்.

ஜூன் 12, வெள்ளி

கனமழை. சந்தில் முழங்கால் தண்ணீர். லதா, "அப்பா, இன்னைக்கு வெளியே போக வேண்டா, கேட்டோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொன்றரை. முரளி கொடுத்த கோமதியின் எண்ணுக்குப் போன் போட்டேன்.

"ஆரு?"

"சுப்பையா."

"ரிப்போர்ட்டரா! சாப்டாச்சா?"

ஆச்சு என்றேன். விஷயத்துக்கு வந்தேன். "நான் எழுதின அந்தச் செய்தி பொய். ராமுவோட கடுதாசியைப் படிச்சிட்டுத்தான் அப்படி எழுதினேன்."

"தெரியுமே."

"தெரியுமா?"

"அந்தக் கடுதாசியைப் பெட்டியிலேந்து எடுத்து உங்க கையிலே தந்ததே நானாக்கும். மறந்தாச்சா? அப்பாவுக்கும் தெரியும். பேப்பர் வந்த அன்னிக்கு நாலு காப்பி வாங்கிண்டு வந்தார். 'இந்தப் பிள்ளை எதுக்கு இப்படி எழுதியிருக்கு'ன்னு என் மூஞ்சியைப் பார்த்தார். நான் அடுக்களைக்குப் போயிட்டேன்."

"வீட்டை விக்காம இருக்கணும்னு..."

"அது தெரியறது. விக்காம இருந்தா?"

எத்தனையோ பேரிடம் இப்படி அடுத்த கேள்வி கேட்டிருக்கிறேன்.

"பதினோரு மாசம் எதிர்ல இருந்தேள்," என்றாள். கோபமில்லை, வானிலை சொல்வது போல. "ஊருக்கெல்லாம் பேப்பர்ல எழுதத் தெரிஞ்சுது. எட்டடி தள்ளி இருந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியலை. நானும் தினம் பாட்டை முடிச்சிட்டு ஒரு நிமிஷம் உக்காந்திருப்பேன். போட்டும். எங்காத்துக்காரரும் போய் மூணு வருஷம் ஆச்சு. இப்போ என்ன பண்ணப் போறேள்?"

"சொல்லிட்டா விழா நடக்காது. நீங்க வர வேண்டி இருக்காது."

"அதைத்தானே கேக்கறேன், என்ன பண்ணப் போறேள்னு."

"சொல்லிடப் போறேன்."

"ம்," என்றாள். "கல்லுல வெட்டறதுக்கு முன்னே சொல்லியிருக்கலாம்." வைத்துவிட்டாள். நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி என்று போன் காட்டியது.

மதியம் மூன்று மணி. பழைய நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முரளியின் கடைக்குப் போனேன். காப்பியும் மிளகும் அரைத்துக் கொடுக்கும் கடை. நகலைப் படித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சாரே, சதிச்சுட்டீங்களே! நாப்பது வருஷம் வாய் மிண்டாம இருந்த ஆளுக்கு, இன்னும் ரெண்டு நாள் மிண்டாம இருக்க முடியலையா?"

கல்லில் வேறு வாசகம் வெட்டலாம் என்றேன். நாகநாதர் வந்து சேராத ஊருக்குச் செய்த பாட்டு, அவர் முடித்தபடியே இந்த வீட்டில் பாடப்பட்டது என்று. அதற்கு நானே சாட்சி, என் காதால் கேட்டேன்.

முரளி நோட்டைத் திருப்பித் தந்தார். "வந்த ஆளுக்குக் கல்லு வைக்கும் சாரே. வராத ஆளுக்கு ஆரு வைக்கும்?" மெஷினைப் போட்டுவிட்டார்.

நனைந்துதான் திரும்பினேன்.

ஜூன் 13, சனி

தூறல். இருமல். லதா இரண்டு வேளை திட்டினாள், மிளகுக் கஷாயம் தந்தாள்.

ஒன்பது மணிக்கு முரளி போன். விழா ரத்து. நாற்காலிக்காரர், நாதஸ்வரக்காரர் இருவருக்கும் சொல்லியாயிற்று. கோமதியம்மாவுக்கும் நேற்றே சொல்லியாயிற்று. "அவங்க என்ன சொன்னாங்க?" "'சரி'ன்னு சொல்லிச்சு, அவ்வளவுதான்."

பின்னாலேயே ஜாஃபர். "சாரே, சுவத்துல இருக்கிற ஃப்ரேம்? கழட்டட்டுமா?" கழற்றுங்கள் என்றேன். "கட்டில்?" "கட்டில் இருக்கட்டும்."

பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதினேன், நாலு வரி. 'தவறு செய்தியாளருடையது' என்று முடித்தேன். டெஸ்க்கில் இருந்தவர் கேட்டார்: "சார், நாப்பத்தொரு வருஷத்துக்கு முந்தின செய்திக்குத் திருத்தமா? இதை எந்தப் பேஜ்ல போட?" எங்கே இடமிருக்கிறதோ அங்கே என்றேன்.

மலருக்கான இரண்டு பக்கமும் எழுதி முடித்தேன். மலர் கிடையாது. இருந்தாலும். கடைசிப் பத்தி: தான் பார்க்காத தண்ணீரைப் பற்றி ஒருவர் எப்படி அத்தனை சரியாகப் பாட்டில் வைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. வேலியேற்றத்தில், கடல்நீர் ஏறி வரும்போது, காயல் நின்று யோசிக்கும் நேரம் ஒன்று உண்டு. சரணத்தில் அது இருக்கிறது.

ஒன்றரை மணிக்கு போனில் செய்தி. ஆங்கில எழுத்தில் தமிழ். இரண்டு முறை படித்தபின்தான் புரிந்தது.

'வண்டி விஜயவாடா தாண்டியாச்சு. விழா இல்லைன்னு முரளி சொன்னார். டிக்கெட் எடுத்தது கல்லைப் பார்க்க இல்லை. காலம்பற பாலக்காடு தாண்டினதும் சொல்றேன். சாப்ட்டுட்டு இருங்கோ.'

லதாவிடம் வேட்டி இஸ்திரி போடச் சொன்னேன். "விழாதான் இல்லையே அப்பா?" என்றாள். இல்லைதான் என்றேன்.

ஜூன் 14, ஞாயிறு

மழை இல்லை. ஐந்துக்கே எழுந்தேன். ஜன்னல் கொக்கிக்கு நானே ஒரு கம்பியைச் சுற்றினேன், நிற்கிறது.

ஆறு இருபது, போன்: 'பாலக்காடு தாண்டியாச்சு.'

இட்லி மூன்று, சட்னி. ஏழு மணிக்குள் சாப்பிட்டாயிற்று.