அப்பாவின் சாப்பாட்டு மேஜைக்கு ஒட்டிய விலை

சிடார் ஃபால்ஸ், அயோவா

அன்பு மகள் ஜனெல்லுக்கு,

இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே நீயும் அலாஸ்காக் குளிரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டுச் சாமான் விற்பனை ஒருவழியாக முடிந்தது. நான் குடிபோகிற இரண்டு அறை வீட்டில் எனக்கும் கட்டிலுக்கும்தான் இடம், அதனால் மீதி எல்லாவற்றுக்கும் விலை ஒட்ட டோரீன் என்று ஒருத்தியை அமர்த்தியிருந்தேன். நீ வேண்டாம் என்ற ரோஜாப்பூத் தட்டுகள் இருக்கிறதே, நாற்பது வருஷம் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்தேனே, மொத்த செட்டுக்கும் இருபது டாலர் ஒட்டினாள். நம் நாய்க்குச் சோறு வைத்த மஞ்சள் கிண்ணத்துக்கு நாற்பது! நாயின் ரசனை என்னுடையதைவிட உசத்தியாம். நான் கொடுத்த விலையைச் சொன்னதற்கு, "அது உங்க சொந்தக் கதைம்மா, நாளைக்கு வாசல்ல நிக்கிறவன் என்ன குடுப்பானோ அதுதான் விலை" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை ஒட்டப் போய்விட்டாள்.

விற்பனை நாளில் வீட்டுக்காரர்கள் உள்ளே வரக்கூடாது, விலையில் தலையிடக்கூடாது என்று கையெழுத்து வேறு வாங்கியிருந்தாள். நான் கேட்பேனா? அப்பாவின் மீன்பிடித் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, வரிசையில் நின்று நம்பர் வாங்கி, என் வீட்டுக்குள்ளேயே வாடிக்கையாளராக நுழைந்தேன். நம் சாப்பாட்டு மேஜைக்கு முந்நூறு ஒட்டியிருந்தது. ஒரு கர்ப்பிணிப் பெண் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள், புருஷன் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டான். நாளைக்கும் இருந்தால் பாதி விலை என்றாள் டோரீன். ஆனால் பக்கத்திலேயே டுவேன் என்ற வியாபாரி நின்றான், பழைய மேஜைகளின் காலை வெட்டி வெள்ளைப் பெயின்ட் அடித்து பெஞ்சாக விற்கிற பாவி. மேஜைக்கால் ஆடுகிறது என்று அவன் காதில் போட்டேன். "வெட்டப்போற கால்தானே மேடம், ஆடினா ஆடிட்டுப் போவுது" என்று சிரித்தான். உடனே என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "இந்த வீட்டு மனுஷர் இந்த மேஜையிலதான் போனார். பொண்டாட்டி சுட்ட செர்ரி பை சாப்பிட்டுட்டே, இன்னொரு துண்டு போடுன்னு சொல்லி, முள்கரண்டியோட அப்படியே சாஞ்சுட்டார்." டுவேன் சிலுவை போட்டுக்கொண்டான். "ஐயோ, இதைக் கொண்டுபோனா என் வீட்டுக்காரி என்னை உள்ளயே விடமாட்டா" என்று நழுவினான். நான் கறுப்புக் கண்ணாடிக்குள் அழுதுகொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியில் அத்தனை குழாய்க்கு நடுவில், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் போனவர் உன் அப்பா.

மறுநாள் அந்தப் பெண் வந்து பாதி விலைக்கு எடுத்துக்கொண்டாள். நூற்றைம்பது டாலர் போச்சு, டுவேனை விரட்டியது நான்தான் என்று தெரிந்து டோரீன் இன்னும் என்னை முறைக்கிறாள். மேஜையை வண்டியில் ஏற்றும்போது அந்தப் பெண், "செர்ரி பை சாப்பிட்டுட்டே போனாராமே, குடுத்து வச்சவர்" என்றாள். பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆமாம் என்றேன்.

குளிரில் தலையை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நீ நூறு வயசு நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. அப்பா எப்படிப் போனார் என்று யாராவது கேட்டால், நீயும் அப்படியே சொல்.

உன் அம்மா,
மார்லிஸ்