குழாய் வழியாக வரும் அப்பா

அன்புள்ள உங்களுக்கு,

வீட்டில் நானும் மகளும் நலம். நீங்கள் நலமா என்று கேட்க இப்போது எனக்குப் பொறுமை இல்லை, கடைசியில் கேட்கிறேன். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் அந்த பம்ப் ஹவுஸிலேயே வாரக்கணக்கில் தங்கிவிடுகிறீர்கள்; போன் செய்தால் "மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்திடம் அந்தச் சாக்கு செல்லாது.

நேற்று உங்கள் மேலதிகாரியோடு சண்டை போடப் போனேன். பதறாதீர்கள். மூன்று வருடமாகப் பண்டிகைக்குப் பண்டிகை உங்களையே பம்ப் ஹவுஸில் உட்கார வைக்கிறாரே, வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று நறுக்கென்று கேட்டுவிடத்தான் போனேன். வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, நான் கத்தி முடிக்கும்வரை கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் பிரித்து வைத்தார். டூட்டி மாற்றிக்கொள்பவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு. "உங்க வீட்டுக்காரருக்கு நான் ஒரு பண்டிகைக்குக்கூட டூட்டி போடலம்மா, அவராத்தான் கேட்டு வாங்கிக்கிறாரு" என்றார். ஒவ்வொரு பண்டிகைத் தேதிக்கும் நேராக உங்கள் கையெழுத்து. வருகிற வெள்ளிக்கிழமைப் பண்டிகைக்கும் இருந்தது. இத்தனை நாளும் அந்த மனிதரைத் திட்டாமல் நான் தூங்கியதில்லை, பாவம்.

பஸ்ஸில் வரும்போது உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. எங்களைவிட அந்த மோட்டார் என்ன உசத்தி? வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் நோட்டில் பார்த்த முதல் தேதி உறைத்தது. என் அண்ணன் அப்படிப் பேசினாரே, அதற்கு அடுத்த பண்டிகை அது.

அன்றைக்கு நம் வீட்டில் பதினான்கு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். "மாப்பிள்ளைக்கு என்ன கவலை, சுவிட்சைப் போட்டுட்டுத் தூங்குற வேலை, அதுக்கும் சம்பளம்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: நானும் சிரித்தேன். நீங்கள் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவி, அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பினீர்கள். அதையும் நான் நம்பினேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "விளையாட்டுக்குச் சொன்னதும்மா, அதையா இன்னும் பிடிச்சுக்கிட்டிருக்கே" என்றார். உங்களிடம் மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் அவர் வெள்ளிக்கிழமை வரலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பட்டென்று வைத்துவிட்டார். அண்ணியும் போனை எடுக்கவில்லை. பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு விஷயம். பண்டிகைக் காலையில் குழாயைத் திறந்து, "பாரு, அப்பா அனுப்புன தண்ணி" என்று மகளிடம் காட்டுவேன். ஊரே குளிக்கிற நாளில் நீங்கள் அங்கே இல்லையென்றால் குழாயில் வெறும் காற்றுதான் வரும் என்று பீற்றிக்கொள்வேன். அவளும் குழாய்க்குள் எட்டிப் பார்த்து, "அப்பா, போதும்பா, வாளி நிறைஞ்சிருச்சு" என்பாள். இந்த வாரம் நான் அந்தப் பேச்சை எடுத்ததுமே, "தண்ணி எல்லார் வீட்டுக்கும்தானேம்மா வருது" என்றாள்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிவரை டூட்டி நோட்டில் பெயரை மாற்றலாமாம். இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவர் உங்கள் மேலதிகாரியேதான். ஆய்வுக்கு வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வருவதாகச் சொன்னார். நான் திட்டிய திட்டுக்கு இந்த உதவி பெரிது. கவரை நன்றாக ஒட்டியிருக்கிறேன், படித்திருப்பாரோ என்று நீங்கள் அவர் எதிரே அசடு வழிய வேண்டாம்.

உங்கள் கையெழுத்தை நீங்களே அடித்துவிடுங்கள். அந்த டூட்டி உண்மையில் யாருடையதோ அவர் பார்க்கட்டும். நம் செலவில் அவர்கள் வீட்டில் கொண்டாடியது போதும். அண்ணன் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் தட்டு என் தட்டுக்குப் பக்கத்தில்தான். யார் என்ன சொன்னாலும் இந்த முறை நான் சிரிக்க மாட்டேன்.

நீங்கள் நலமா? பதில் எழுத வேண்டாம். வந்து சொல்லுங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் மனைவி