அம்மா வாயில் மிஞ்சிய பேர்

ஆம்பூர்,
பங்குனி, 1935

சிரஞ்சீவி மூர்த்திக்கு அப்பா ஆசீர்வாதம். அந்த லண்டன் குளிரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க விரிஞ்சிபுரத்து ஈஸ்வரன் துணை. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லையப்பா. பதறாமல் படி, உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். போன மாசம் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் சாய்ந்தாள், வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு நின்றுபோனது. தோல் மண்டி முதலாளி அதாவுல்லா சாயபு தன் மோட்டாரிலேயே வேலூருக்கு அனுப்பிவைத்தார். மூளையின் இடது பக்கம், பேச்சு பிறக்கிற இடத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம், நாம் சொல்வது அவளுக்குப் புரியுமாம், வார்த்தைதான் வராதாம், டாக்டர் சொன்னார்.

சுத்தமாய் ஊமையாகிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். எப்போது பார்த்தாலும் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டே இருந்தாள், பல்வலியாக்கும் என்று தைலம் தடவினேன், மடையன். பக்கத்து வீட்டு அன்வரி பேகம் கஞ்சி ஊட்டும்போது சூடு பட்டுக் கை விலகி ஒரு சொல் வந்துவிட்டது. அந்தம்மா ஓடிவந்து, அண்ணே, அக்கா பேசிட்டாங்க, ஆனா உங்க பேர சொல்றாங்களே என்றார். ஆமாம்டா, பஞ்சாட்சரம் என்கிறாள். அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு மிஞ்சியிருக்கிறது. தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். ஜனக்கணக்கு எடுக்க வந்தவர் புருஷன் பேர் கேட்டபோதுகூட, கோயில்ல சொல்ற அஞ்செழுத்துதான் அவங்க பேரு என்று சுவரைப் பார்த்துச் சொன்னவள். வெளியே வந்துவிடப்போகிறதே என்றுதான் வாயைப் பொத்தியிருக்கிறாள், பாவி. என்கிட்ட இன்னா வெக்கம், நீ சொல்லு புள்ளே என்றேன், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லேன் என்று கெஞ்சியிருக்கிறேன். இப்படியா கேட்டேன்?

தலையில் கம்பி வைத்து மூளையில் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக வரைகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாயே, அந்தக் கோட்டைப் பார்த்து இவள் கேட்பது தண்ணீரா கஞ்சியா என்று சொல்வார்களா? உன் வாத்தியாரைக் கேள். முடியாதென்றால் மறைக்காமல் எழுது. உன் படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிடப் பார்க்கிறாள், என் பேர்தான் வருகிறது, தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் முயல்கிறாள். என்னால் பார்க்க முடியவில்லை, எழுந்து மண்டிக்குப் போய்விடுகிறேன்.

படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவராதே, பரீட்சை முடித்துக்கொண்டு வா. வேளைக்குச் சாப்பிடு, நன்றாயிரு. வரும்போது ஒன்றை மட்டும் மறக்காதே. அவள் உன்னைப் பார்த்துப் பஞ்சாட்சரம் என்பாள். நீ என் பக்கம் திரும்பாதே. இன்னாம்மா என்று கேட்டுக்கொண்டு நேரே அவளிடம் போ.

இப்படிக்கு,
உன் அப்பா.