அப்பா லாக்-அவுட் செய்தால் மட்டும்

அப்பா,

சோறு மூடி வைத்திருக்கிறேன். ரிப்பேர்காரர் வந்தால் வேண்டாமென்று அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் லாக்-அவுட் செய்தால் மட்டும் கம்ப்யூட்டர் படுத்து, உங்கள் வேலை விண்ணப்பம் மூன்று தடவை அழிந்ததே, காரணம் கண்டுபிடித்துவிட்டேன். லாக்-அவுட் ஆகும்போது உங்கள் ஃபைல் என் பென்டிரைவில் சேரும்படி வைத்தவள் நான். அதைத் தினமும் பிடுங்கிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடுகிறவளும் நான். பென்டிரைவைக் காணாமல்தான் கம்ப்யூட்டர் படுக்கிறது.

"நீங்க தொட்டாலே கெட்டுப்போகுது"ன்னு நேற்று கத்தினேன். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்"னு தலையாட்டினீர்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். திருப்பிக் கத்தியிருக்க வேண்டாமா?

பென்டிரைவைச் செருகியே வைத்திருக்கிறேன், எடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள்.

பி.கு.: மறுபடி படுத்தால் ஆபீஸுக்கு போன் போட்டு என்னை நன்றாகத் திட்டுங்கள். "பரவால்லம்மா" மட்டும் வேண்டாம்.