எந்த வெள்ளி இரவு?

“இண்டைக்கில்ல பிள்ள, நாளைக்கு ராவுதான் சோதினை” என்று டிப்ளோமா வகுப்பு ஷெரோன் மிஸ் போனில் சொன்னதும், வேலைக்குப் புறப்பட்டு நின்ற நஸ்ஹாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மிஸ் முதலில் பரீட்சை வெள்ளி இரவு என்றுதான் சொல்லியிருந்தார். நஸ்ஹா வீட்டிலோ வெள்ளி இரவு வியாழன் பொழுதுசாய, மஃரிப் தொழுகையோடு வந்துவிடும். இன்று வியாழன். கணவன் இஷாமின் ராத்தா, அவனது அக்கா, குடும்பத்தோடு விருந்துக்கு வருவதும் இன்றிரவுதான். சோதினையா விருந்தா என்று தொடங்கிய சண்டையில் புருசனும் பெண்சாதியும் முகம்கொடுத்துப் பேசாமலே இருந்தார்கள்.

இஷாம் போனை மேசையில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தான். போனுக்கடியில் ஒரு சீட்டு எழுதி வைத்தாள்.

“மச்சான், மிஸ் சொன்னது அவங்கட வெள்ளி ராவு, நம்மடது இல்ல. ராத்தாக்கு நானே ஆக்குறன். இறைச்சியக் கழுவி வைங்க, தயிர் வாங்க மறக்காதீங்க. சாவி பக்கத்து வீட்ட இருக்கு. படிப்ப விடுண்டு சொன்னீங்களே, அத நான் மறக்கல்ல. ஆனா பேசாம இருந்தும் என்ட புத்தகத்துக்குப் பக்கத்தில தேத்தண்ணி கொண்டுவந்து வெச்சீங்க, அதையும் மறக்கல்ல.”

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

“வெள்ளி ராவு சமையல் ஒங்கட. மிஸ்ஸுட வெள்ளி!”